மருந்தடிக்காத பிளம்ஸ் மரம்

அக்கா,

இன்று காலை வீட்டுப் பின்வளவில் நீலக் குப்பைத் தொட்டியின் மூடிமேல் ஏதோ பொத்தென்று விழுந்த சத்தம் கேட்டு வெளியே போனேன். வேலிக்கு மேலால் எங்கள் பக்கம் நீண்டிருக்கும் உங்கள் பிளம்ஸ் கொப்பிலிருந்து ஒரு பழம் விழுந்து, மூடியில் தட்டி, என் காலடிக்கு உருண்டு வந்திருந்தது. குனிந்து எடுத்தேன். தோலில் அந்தப் பிறை வடிவக் கீறல் இருந்தது. நகத்தால் கிள்ளியதுபோல ஒரு சின்னக் கீறல். பிளந்து பார்க்கத் தேவையே இல்லை. உள்ளே கொட்டையைச் சுற்றி வெள்ளைப் புழு நெளிந்துகொண்டிருக்கும் என்று எனக்கும் தெரியும், இருந்திருந்தால் உங்களுக்கும் தெரிந்திருக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். மரத்தைச் சுற்றிப் புல் தெரியாதபடி பழம் கொட்டிக் கிடந்தது. எடுக்க ஒருவரும் இல்லை.

நீங்கள் போய் இது இரண்டாவது கோடை. உங்களுக்குச் சொல்ல வேண்டிய ஒன்று போன கிழமையிலிருந்து என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நேரே அதற்குப் போக எனக்குத் துணிவு வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் எந்தக் கதையையும் மரத்தடியில் நின்றுதான் தொடங்குவோம். இதையும் அங்கேயே தொடங்குகிறேன்.

ஊரை விட்டு இந்தக் குளிர்நாட்டுக்கு வந்து, வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் இந்த வீட்டை வாங்கிய அடுத்த வருடம் நீங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்தீர்கள். சாமான்கள் இறங்கிக்கொண்டிருந்த நேரம், வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "என்னகா, இஞ்ச வெளித் தண்ணிப் பைப் எங்கால கிடக்கு?" என்று கேட்டீர்கள். முன்பின் தெரியாத ஒருத்தி என்னை 'கா' போட்டுக் கூப்பிட்டது யாழ்ப்பாணத்துக் காதுக்குக் கொஞ்சம் அதிகாரமாகத்தான் பட்டது. மட்டக்களப்புப் பக்கம் அது பிரியமான பேச்சு என்பது பழகிய பிறகுதான் விளங்கியது. அதற்குப் பிறகு நான் உங்களுக்குப் 'புள்ள' ஆனேன். என் பெயரை நீங்கள் சொல்லி நான் கேட்டதாக ஞாபகம் இல்லை.

அந்த வசந்தத்திலேயே உங்கள் வீட்டுக்காரர், எனக்கு அண்ணை, பிளம்ஸ் கன்றைக் கொண்டுவந்து வேலியோரம் நட்டார். ஊரில் வயல் செய்த மனிதர். இங்கே ஒரு பண்டசாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். வேலை முடிந்து வந்ததும் உடுப்பு மாற்றாமல் கன்றடியில் குந்தியிருப்பார். அவர் நாலு வசனம் சேர்ந்தாற்போலக் கதைத்து நான் கேட்டதில்லை. எங்கள் வளவில் முன்பிருந்த இத்தாலியக் கிழவர் வைத்துவிட்டுப் போன அப்பிள் மரம் ஒன்று நின்றது. அப்படி வேலிக்கு ஒரு பக்கம் பிளம்ஸ், மறுபக்கம் அப்பிள்.

பிளம்ஸ் முதன்முதலாகக் காய்த்த வருடம் நீங்கள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள். சுண்டுவிரல் நுனி அளவு காய்கள், எல்லாவற்றிலும் பிறை பிறையாகக் கீறல். சில நாட்களில் அவை மஞ்சளாகி உதிர்ந்தன. என் அப்பிளிலும் அதே கீறல்தான். அண்ணை ஒரு காயை வெட்டிப் பார்த்துவிட்டு, "மருந்தடிச்சாச் சரி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நீங்கள் கையிலிருந்த துணியை உதறிவிட்டு, "இந்த வளவுக்குள்ள மருந்து வராது" என்றீர்கள். குரல் உயரவில்லை. ஆனால் அண்ணை தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார். பழம் தின்ன ஆசைப்பட்ட மனுசனை இப்படியா வெட்டிவிடுவது என்று நான் அன்றைக்கு உங்களைப் பற்றி நினைத்தேன்.

மருந்தில்லாமல் என்ன செய்யலாம் என்று உங்கள் மகள்தான் கொம்பியூட்டரில் தேடிப் பார்த்து, பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாக எங்கள் இரண்டு பேருக்கும் வாசித்துக் காட்டினாள். அப்போது அவள் ஹைஸ்கூல். "அம்மா, ஸ்டோரில ஒரு ஸ்ப்ரே வாங்கினா ஈசி தானே" என்று முடித்தாள். நீங்கள் அவளைப் பார்த்த பார்வையில் அவள் மற்றப் பக்கத்தையும் வாசித்தாள். பூ உதிர்ந்ததும் அந்த வண்டு வரும். நெல்மணி அளவுதான் இருக்கும், தும்பிக்கை மாதிரி நீண்ட மூக்கு. பிஞ்சின் தோலைப் பிறையாகக் கீறி உள்ளே முட்டையிடும். விடியக் குளிரில் அது விறைத்துப்போய்க் கொப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். மரத்தின் கீழ் வெள்ளைத் துணி விரித்து, துணி சுற்றிய தடியால் கொப்பைச் சட்டென்று தட்டினால் செத்ததுபோல மடிந்து விழும். அது எழும்பிப் பறக்க முன்னம் பொறுக்கிச் சவர்க்காரத் தண்ணிக்குள் போடவேண்டும். இதைத்தான் அவள் வாசித்தாள்.

நான் அப்போது பாண் சுடும் தொழிற்சாலையில் காலை வேலை. விடிய எழும்புவது எனக்குப் பழக்கம். நீங்கள் பழைய வெள்ளைப் பெட்சீற் ஒன்றைக் கொண்டுவந்தீர்கள். ஆளுக்கொரு முனையைப் பிடித்து விரித்தோம். நீங்கள் தட்டினீர்கள். உதிர்ந்த பூவிதழ், காய்ந்த சுள்ளி எல்லாவற்றுக்கும் நடுவே கறுப்புப் பொட்டுப்போல அது கிடந்தது. குனிந்து உற்றுப் பார்த்துவிட்டு, "அடியே, ஆனையெல்லோ இது" என்றீர்கள். உங்கள் ஊர் வயல்களில் இரவிலே யானை இறங்கிக் கதிரை உழக்கிவிட்டுப் போகுமாம். அதன் பிறகு எங்களுக்கு அது ஆனைதான். வேலைக்குப் போகும்போது பஸ் தரிப்பில் யாராவது பார்த்துச் சிரித்திருப்பார்கள், என் தலைமுடியில் பிளம்ஸ் பூவோடு நான் நிற்பதை.

பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. விழுந்த காயை அன்றன்றே பொறுக்கிக் கறுப்புப் பைக்குள் கட்டி வெயிலில் வைத்தோம், புழு மண்ணுக்குள் இறங்கி அடுத்த வருடத்துக்கு வண்டாக வரக்கூடாது என்று. அப்பிள் பிஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கடதாசிப் பைக்குள் விட்டுக் கட்டினோம், அந்துப்பூச்சி முட்டையிடாமல் இருக்க. தெருப் பிள்ளைகள் அதைப் பார்த்து மரத்தில் மத்தியானச் சாப்பாட்டுப் பை காய்த்திருக்கிறது என்று சிரித்தார்கள். கோடை நடுவில் பச்சையும் செம்பும் மினுங்கும் வண்டு வந்து இலையைச் சல்லடையாக்கும். அதையும் கையால் தட்டி வாளிக்குள் விழுத்தினோம். "விழுந்தத நிலத்தில விடாத" என்று நீங்கள் சொல்லிக்கொண்டே இருப்பீர்கள். இவ்வளவும் செய்து கடைசியில் ஒரு சின்னச் சட்டி பழம் கிடைக்கும். சில வருடம் அதுவும் இல்லை.

என் வீட்டுக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. ஒருநாள் கைப்பிடி வைத்த பூச்சி மருந்துப் போத்தல் ஒன்றோடு வந்து அப்பிள் மரத்தடியில் நின்றார். நீங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தீர்கள். போத்தலைக் கண்டதும் உங்கள் முகத்தில் இரத்தம் இல்லாமல் போனது. கையிலிருந்த ஈர உடுப்பைக் கூடைக்குள் போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டீர்கள். "உவ என்ன, பேயைக் கண்டமாதிரி ஓடுறா?" என்று இவர் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. ஆனால் அவரை அடிக்க விடவில்லை. அன்று பின்னேரமே போத்தலைத் திறக்காமல் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னேன். நீங்கள் சில நாட்கள் வெளியே வரவில்லை.

பிறகு ஒரு விடியற்காலை பெட்சீற்றோடு வந்தீர்கள். ஒன்றும் நடக்காததுபோல ஒரு முனையை என்னிடம் தந்தீர்கள். துணி விரிந்ததும் தடியை எடுக்காமல் நின்றீர்கள்.

"எனக்கு ஒரு மகன் இருந்தவன் புள்ள. இவளுக்கு முந்தி" என்றீர்கள். "நாலு வயசு. வயலுக்கு அடிக்கிற மருந்து சோடாப் போத்தலுக்குள்ள இருந்திச்சி. சோடா எண்டு நினைச்சிக் குடிச்சிட்டான்."

நான் துணியைப் பிடித்தபடியே நின்றேன். ட்ராக்டர் பெட்டியில் அவனை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனதையும், பாலத்தடியில் ஆமிக்காரர் மறித்து எல்லாரையும் இறக்கிச் சோதித்ததையும், திரும்ப ஏறும்போது பிள்ளையின் கழுத்து நிற்கவில்லை என்பதையும் நீங்கள் சொன்னீர்கள். அழவில்லை. பக்கத்து வீதியில் நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னீர்கள். கடைசியாக உங்கள் வீட்டு யன்னலைப் பார்த்தபடி சொன்னதை நான் ஒரு சொல்லும் மாறாமல் வைத்திருக்கிறேன்.

"ஊத்தி வெச்சது இவர்தான். ஏன் போத்தலுக்குள்ள ஊத்தின எண்டு நான் இண்டைவரைக்கும் கேக்கல்ல. கேட்டா என்னவாவது சொல்லுவார். அதக் கேட்டாப் பிறகு என்னால இவரோட ஒரு வீட்டில இருக்கேலா."

பிறகு, "துணிய இழுத்துப் பிடி" என்று சொல்லிவிட்டுக் கொப்பைத் தட்டினீர்கள். அன்றைக்கு ஆனைகள் நிறைய விழுந்தன. எனக்குக் கண் தெரியவில்லை, நீங்களேதான் பொறுக்கினீர்கள்.

அதற்குப் பிறகுதான் உங்கள் வீட்டை நான் சரியாகப் பார்க்கத் தொடங்கினேன். குசினியில் பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழே வெறும் சவர்க்காரம்தான் இருக்கும். எந்தப் போத்தலையும் கழுவி இன்னொன்றுக்குப் பாவிக்க மாட்டீர்கள், வெறும் தண்ணிக்குக்கூட. அண்ணைக்குச் சாப்பாடு போடுவீர்கள், அவருடைய மருந்துக் குளிசையை எடுத்துக் கொடுப்பீர்கள், குளிர் காலத்தில் அவருடைய சப்பாத்தை வெப்பக்காற்று வரும் இடத்தில் வைப்பீர்கள். எல்லாம் நடந்தது. ஆனால் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவே எப்போதும் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தது. முன்பு அதை நான் கண்டதில்லை. கண்ட பிறகு வேறொன்றும் தெரியவில்லை.

ஒரே ஒரு வருடம் மரம் எங்களுக்கு நிறையத் தந்தது. அதற்கும் நாங்கள் காரணமில்லை. முந்திய வருடம் பூத்திருந்த நேரம் பின்பனி விழுந்து பூ முழுக்கக் கருகிப்போனது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு மரத்திலும் காய் இல்லை. வண்டுக்கு முட்டையிட இடமில்லை. அதனால் அடுத்த வருடம் துணியில் விழுந்தவை சொற்பம். பழம் கொப்பை வளைத்துக்கொண்டு தொங்கியது. அண்ணையின் காரில் ஒரு பெட்டி பழத்தோடு றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். நீங்கள் தட்டில் அடுக்கிக் கொடுத்தீர்கள். கொடுக்க முன்னம் ஒரு பழத்தைத் தனியே எடுத்துச் சேலைத் தலைப்பில் துடைத்துக் கைப்பைக்குள் வைத்தீர்கள். அண்ணையும் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். யாருக்கென்று ஒருவரும் கேட்கவில்லை.

நோய் வந்ததும் டொக்டர்மார் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்கள். கணையத்தில் புற்று, வெட்டி எடுக்கும் கட்டம் கடந்துவிட்டது. அந்த வசந்தம் நீங்கள் பின்யன்னலோரம் கதிரையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு இருந்தீர்கள். பூ உதிரத் தொடங்கியதும் யன்னலைத் தட்டி என்னைக் கூப்பிட்டு, "ஆனை வந்திருக்கும்" என்றீர்கள். துணியின் மற்ற முனையைப் பிடிக்க ஆள் வேண்டும். அண்ணை வந்தார். அத்தனை வருடத்தில் அவர் அந்தத் துணியைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அப்போதே அவருக்கு ஞாபகம் தப்பத் தொடங்கியிருந்தது. அடுப்பை அணைக்க மறந்தார், உங்கள் மகளின் பெயரை மாற்றிச் சொன்னார். நான் கொப்பைத் தட்ட வண்டுகள் விழுந்தன. அவர் குனிந்து பார்த்துவிட்டு, "இதுக்கு ஏன் இன்னும் மருந்தடிக்கல்ல?" என்று என்னைக் கேட்டார். யன்னல் திறந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தீர்கள்.

பிளம்ஸ் நிறம் மாறத் தொடங்கிய கிழமையில் நீங்கள் போனீர்கள். ஆஸ்பத்திரியில் அண்ணை உங்கள் கட்டிலடியில் இருந்து உங்கள் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். நீங்கள் கண்விழித்து அவரைப் பார்த்தீர்கள். ஏதோ கேட்கப் போகிறீர்கள் என்று நினைத்து நான் வெளியே போக எழும்பினேன். நீங்கள் கேட்கவில்லை. தண்ணி வேண்டுமென்று சைகை காட்டினீர்கள். பஞ்சில் நனைத்து நான்தான் உதட்டில் வைத்தேன்.

அதற்குப் பிறகு நடந்தவை உங்களுக்குத் தெரியாது.

மகள் அண்ணையை மார்க்கம் நகரில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவளும் வேலை, மருமகனும் வேலை, சின்னப் பிள்ளைகள். ஒரு குளிர்நாள் பகல் அவர் செருப்புக்கூட இல்லாமல் பனிக்குள் இறங்கி நடந்துபோய்விட்டார். யாரோ கண்டு பிடித்துக் கொடுத்தார்கள். பிறகு பராமரிப்பு இல்லத்தில் விட்டார்கள். அவள் அன்று என்னிடம் வந்து குசினி மேசையில் தலையை வைத்து அழுதாள். "அன்ரி, ஐ ட்ரைட், எனக்கு வேற வழி தெரியேல்லை" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வீட்டையும் விற்கவேண்டி வந்தது.

வாங்கியவர் மரியாதையான மனிதர், ஆனால் இங்கே குடியிருக்கவில்லை. மேல்தளத்தையும் கீழ்த்தளத்தையும் வாடகைக்கு விட்டார். முதல் கோடை நான் கேட்டதும் குடியிருந்தவர்கள் பின்கதவைத் திறந்துவிட்டார்கள். வாளியோடு போய் விழுந்ததையெல்லாம் பொறுக்கினேன். அப்போதுதான் கண்டேன், மரத்தின் அடியில் மண்ணோடு ஒட்டிய இடத்தில் பிசின் கட்டி நின்றது. பிசினுக்குள் மரத்தூள். தண்டு துளைக்கிற புழு உள்ளே போய்விட்டது. கம்பி ஒன்றை வளைத்துத் துளைக்குள் விட்டுக் குத்தினேன். இரண்டொரு புழு கம்பியோடு வந்தது. மற்றவை எவ்வளவு ஆழத்தில் என்று எனக்குத் தெரியாது. முழங்கால் மடிக்க முடியாமல் புல்லிலேயே இருந்துவிட்டேன். ஒரு பக்கத்துக் கொப்பு முழுவதும் அந்த வருடமே காய்ந்துவிட்டது.

இந்த வசந்தம் வாங்கியவர் வந்து வேலியடியில் நின்று சொன்னார், பின்வளவில் சின்னதாக ஒரு வீடு கட்டி அதையும் வாடகைக்கு விடப்போகிறாராம், இலையுதிர் காலத்தில் மரம் வெட்டப்படும் என்று. நான் மன்றாடவில்லை. எதைக் காட்டி மன்றாடுவது? புழுத்த பழம், பாதி காய்ந்த கொப்பு, அடியில் துளை. வெட்டும் வரைக்கும் விழுந்ததைப் பொறுக்க விடும்படி மட்டும் கேட்டேன். யாராவது விழுந்து காலை முறித்தால் தான்தான் பொறுப்பு, அதனால் முடியாது என்று பண்பாகச் சொல்லிவிட்டார். அடுத்த கிழமை கட்டட வேலைக்காரர் கம்பி வேலி போட்டுவிட்டார்கள்.

அப்பிளையாவது காப்பாற்றலாம் என்று நினைத்தேன். துணியின் ஒரு பக்கத்தைக் கதிரைகளில் கிளிப் போட்டுக் கட்டிவிட்டு மறுபக்கத்தை நானே பிடித்தேன். தட்டப் போனால் துணி சரிந்தது, துணியைப் பிடிக்கப் போனால் விழுந்தவை எழும்பிப் பறந்தன. என் வீட்டுக்காரர் இப்போது இருதய வருத்தக்காரர், விடியக் குளிருக்குள் அவரை இறக்க முடியாது. ஒவ்வொரு காலையும் தட்டினேன். ஒவ்வொரு காலையும் அந்தப் பக்கத்திலிருந்து புதிது வந்தது. வேலிக்கு ஒரு பக்கம் மட்டும் நின்று காக்கிற வேலை இது இல்லையென்று இத்தனை வருடமும் நாங்கள் செய்துகொண்டிருந்தபோது நான் யோசித்ததே இல்லை, மற்றப் பக்கம் நீங்கள் நின்றபடியால். ஆனி முடிய முன்னமே பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டது. மிச்சத்துக்குப் பை கட்டினேன். போன கிழமை ஒரு பையை அவிழ்த்துப் பார்த்தேன். கட்ட முன்னமே புழு உள்ளே போயிருக்கிறது. அடுத்ததை அவிழ்த்தேன். அதுவும் அப்படித்தான். எல்லாவற்றையும் அவிழ்த்து வெட்டிப் பார்த்தேன். நடுவெல்லாம் மண்ணிறமாகப் பொருமியிருந்தது. பையோடு சேர்த்துக் கட்டிக் குப்பைக்குப் போட்டேன். அடுத்த வருடம் தட்டப் போவதில்லை அக்கா. இவரிடமும் சொல்லிவிட்டேன். மருந்து அடிக்கவும் மாட்டேன், தட்டவும் மாட்டேன். மரம் நிற்கிறவரைக்கும் நிற்கட்டும்.

அதற்கு அடுத்த நாள்தான் அண்ணையைப் பார்க்கப் போனேன். கிழமைக்கொருமுறை போய்வருகிறேன், சோறும் ஒரு கறியும் கொண்டு. அங்கே கொடுக்கிறதை அவர் தொடுவதில்லை. இப்போது என்னை யாரென்று அவருக்குத் தெரியாது. சில நாள் நேர்ஸ் என்று நினைப்பார், சில நாள் தன் அக்கா என்று. அன்றைக்கு நான் கிண்ணத்தைத் திறந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உங்கள் பெயரைச் சொன்னார். நான் திருத்தவில்லை. திருத்தினால் பயந்துபோவார்.

கொஞ்ச நேரம் கழித்து, "தகரம் ஒழுகின" என்றார்.

எந்தத் தகரம் என்று கேட்டேன்.

"மருந்துத் தகரம். குசினிக்குள்ள நாறுது எண்டு நீதானே ஏசின. வெளியில வெச்சா ஆரும் களவெடுப்பாங்க. அதான் போத்தலுக்குள்ள ஊத்தி இறுக்கி மூடின."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, மிகவும் சாதாரணமாகச் சொன்னார். "உனக்கிட்டச் சொல்லக்கூடா எண்டுதான் இருக்கன். நீ ஏசினபடியாத்தான் ஊத்தின எண்டு தெரிஞ்சா நீ உசிரோட இருக்க மாட்டா."

பிறகு பிசைவதை நிறுத்தினார். முகம் சுருங்கியது. ஏதோ கையிலிருந்து தவறி விழுந்ததுபோல என்னைப் பார்த்தார்.

"நான் சொல்லிட்டனா?" என்று கேட்டார்.

அக்கா, நான் யாழ்ப்பாணத்துக்காரி. உங்கள் பேச்சு என் வாயில் ஒருநாளும் சரியாக வந்ததில்லை, நான் முயன்றால் நீங்களே சிரிப்பீர்கள். அன்றைக்கு வந்தது. "இல்ல, நீங்க ஒண்டும் சொல்லல்ல" என்றேன். அவர் தலையாட்டினார். மிச்சச் சோற்றைச் சாப்பிட்டார்.

பஸ்ஸில் வரும்போது நினைத்துப் பார்த்தேன். கேட்டால் அவரோடு இருக்க முடியாது என்று நீங்கள் கேட்கவில்லை. சொன்னால் நீங்கள் இருக்க மாட்டீர்கள் என்று அவர் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் அத்தனை வருடம் அவர் குனிந்த தலை குற்றத்தில் குனிந்ததென்று நீங்களும் நினைத்தீர்கள், நானும் நினைத்தேன். அதில் பாதி உங்களைக் காப்பாற்ற மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. உயிரோடு இருக்கும்போது இதை நீங்கள் அறிந்திருந்தால் நல்லதா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். தகரம் நாறியதென்று ஒரு தாய் ஏசியது ஒரு குற்றமா? இல்லை. ஆனால் அதை உங்களிடம் சொல்லி நிறுவியிருக்க யாராலும் முடிந்திருக்காது. அண்ணை சரியாகத்தான் கணித்திருக்கிறார். அவருக்கு உங்களைத் தெரியும்.

மகளுக்கு இதைச் சொல்ல முடியாது. அவளுக்கு ஒரு அண்ணன் இருந்தான், காய்ச்சலில் போனான் என்பது மட்டும்தான் தெரியும். என் வீட்டுக்காரரிடம் சொல்லவும் மனம் வரவில்லை. உங்களுக்கு எழுதினால் இனி யாருக்கும் நோகாது என்றுதான் எழுதத் தொடங்கினேன். எழுதிவிட்டேன். நெஞ்சுக்குள் இருந்தது அங்கேயேதான் இருக்கிறது, கொஞ்சமும் இறங்கவில்லை. இந்த மடலை வைக்கவும் ஓரிடம் இல்லை. கிழித்துப் போடுவேன் என்று நினைக்கிறேன்.

வருகிற கிழமையும் போவேன். இப்போது அவர் ஒன்று தொடங்கினால் திரும்பத் திரும்ப அதையே சொல்கிறவர்; தகரம் ஒழுகியதென்று மறுபடி தொடங்குவார், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். முடிவில் பயந்துபோய்க் கேட்பார். உங்கள் வாயால் பதில் சொல்ல என்னைவிட வேறு ஆள் அவருக்கு இல்லை. நீங்கள் எனக்கு விட்டுப்போனதில் மிஞ்சியது இந்த ஒரு வேலைதான், அக்கா. இல்லையென்று சொல்வேன். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் இருப்பேன்.